ஒப்பார் அழுத்தமும் இரண்டாமவன் கடமையும்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். தாயின் மடியை விட்டிறங்கிய குழந்தை முதலிலே தேடுவது தன்னையொத்த மற்றொரு குழந்தையையே. வீட்டு முற்றத்திலே தொடங்கும் இத்தேட்டம் பள்ளி வாயிலிலே வலுப்பெற்று, இளமைப் பருவத்திலே உச்சத்தை அடைகின்றது. அப்பருவத்து மாணவனுக்குத் தந்தையின் சொல் சுமையாகலாம்; ஆசிரியரின் சொல் கசக்கலாம்; தன் சகபாடிகள் நால்வர் சொல்லுவது மாத்திரம் தட்டுதற்கரிய கட்டளையாகிவிடுகின்றது. இவ்வாறு ஒரு வயதினர், ஒரு வகுப்பினர், ஒரு நிலையினர் என அமைந்த கூட்டம் தன்னுள் ஒருவனைத் தன் போக்கிற்கு இழுக்கும் ஆற்றலையே கல்வி உளவியலார் ஒப்பார் அழுத்தம் என்பர்.

ஒப்பார் என்னுஞ் சொல்லை ஊன்றி நோக்குதல் தமிழ் பயில்வார்க்கு இன்பந் தரும். ஒப்பு என்பது நிகராதல். ஒப்புதல் என்பது உடன்படுதல். ஒப்புக்குச் செய்தல் என்பதோ உள்ளத்தில் இல்லாததைப் பிறர் கண்ணுக்காகச் செய்தல். நிகரானவரோடு கூடுகின்றோம், கூடியபின் உடன்படுகின்றோம், உடன்பட இயலாதவிடத்து ஒப்புக்கேனும் செய்கின்றோம். ஒப்பார் அழுத்தத்தின் வரலாறு முழுவதும் இம்மூன்று சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றது. ‘ஊர் ஓடினால் ஒத்தோடு’ என்பது நம்மவர் பழமொழி. வெள்ளம் வருங்கால் ஊரோடு ஓடுதல் அறிவுடைமையே. ஆயின், ஊர் ஏன் ஓடுகின்றதென்று ஒருகாலும் வினவாதவன், ஊர் பாழ்ங்கிணற்றை நோக்கி ஓடினும் உடன் ஓடுவான்.

இவ்வழுத்தத்தை முற்றாகத் தீயதென்று தள்ளுதலும் பொருந்தாது. மைதானத்திலே பயிற்சியைக் கைவிட எண்ணியவன், உடன் ஓடுவோர் ஓயாமை கண்டு தானும் ஓயாதொழிகின்றான். திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் இளைஞருட் பலர் நண்பன் வந்தான் என்பதற்காக வந்தவரே. வந்தபின் தொண்டின் சுவையை அறிந்தவர். பரீட்சை நெருங்கும் நாள்களிலே ஒருவர் வீட்டு விறாந்தையிற் கூடி நள்ளிரவுவரை படிப்போரை அங்கே இருத்துவது நூலின் சுவை மாத்திரமன்று. பக்கத்தில் இருப்பவன் இன்னும் எழும்பவில்லை என்பதுமாம்.

நம் நாட்டு வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். 1924ஆம் ஆண்டிலே ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் என வழங்கிற்று. சாதி வேற்றுமை வேரோடியிருந்த சமுதாயத்திலே அவ்விளைஞர் சமபந்தி போசனம் நடத்தினர். தனியொருவன் தன் வீட்டிலே செய்யத் துணியாததை, ஒத்த இளைஞர் பலர் ஒரு வரிசையில் அமர்ந்தமையாற் செய்ய முடிந்தது. அதே காங்கிரசின் பகிஷ்கரிப்பு வேண்டுகோளினால் 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலிலே யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு தொகுதிகளில் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். 1934ஆம் ஆண்டுவரை அவ்வாசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. அம்முடிவு நன்றோ தீதோ என்பது பற்றி அறிஞர் இன்றும் மாறுபடுவர். கூட்டத்தின் ஆற்றல் ஒன்றே. அது பந்தியை விரித்தது. தேர்தல் வாயிலையும் அடைத்தது.

நிற்க. அவ்வாற்றலின் அளவு எத்துணையது என்பதை அமெரிக்க உளவியலறிஞர் சொலமன் ஆஷ் என்பார் 1951ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட ஆய்வுகளிலே அளந்து காட்டினார். ஏழு முதல் ஒன்பது மாணவர்களை ஓர் அறையில் இருத்தி, ஓர் அட்டையிலே ஒரு கோட்டையும் மற்றோர் அட்டையிலே மூன்று கோடுகளையும் காட்டி, முதற்கோட்டின் நீளத்தை ஒத்தது எதுவென்று வினவினார். குழந்தையும் சொல்லத்தக்க விடை. ஆயின் அங்கிருந்தோருள் ஒருவனே உண்மையிற் சோதிக்கப்படுபவன். ஏனையோர் ஒரே பிழையான விடையைச் சொல்லுமாறு முன்னரே பழக்கப்பட்டவர். பதினெட்டு முறை வினவியதிற் பன்னிரண்டு முறை அவர்கள் ஒருமுகமாகப் பிழை சொன்னார்கள். தனித்திருந்து விடையளித்தபோது நூற்றுக்கு ஒன்றேனும் பிழையாத மாணவர், இக்கூட்டத்தின் நடுவே நூற்றுக்கு ஏறக்குறைய 37 முறை கண்ணால் கண்டதைக் கைவிட்டுக் கூட்டத்தின் பிழையையே தாமும் சொன்னார்கள். ஒருமுறையேனும் வளையாதவர் நான்கிலொரு பங்கினரே. அடியில்லை; பரிசில்லை; அச்சுறுத்தலுமில்லை. ஏனையோர் வேறு சொன்னார்கள் என்பதொன்றே போதுமாயிருந்தது.

இஃது எங்கோ அமெரிக்காவில் நிகழ்ந்தது என்று தள்ளிவிடுதல் ஆகாது. நம் வகுப்பறைகளிலே நாள்தோறும் நிகழ்வதும் இதுவே. புணர்ச்சி விதியொன்றைக் கற்பித்து முடித்து, ‘விளங்கிற்றா?’ என்று கேட்கின்றோம். ‘ஓம், சேர்!’ என்று வகுப்பு முழுவதும் ஒரு குரலாய் முழங்குகின்றது. அடுத்த நாட் பயிற்சிக் கொப்பியைத் திறந்தால் அரைவாசிப் பேருக்கு விளங்கவில்லையென்பது வெளியாகின்றது. ஒவ்வொருவனும் தனக்கு மாத்திரமே விளங்கவில்லை என எண்ணி நாணி வாளாவிருந்தான். ஆனால் ஒரு மாணவன் எழுந்து, ‘எனக்கு விளங்கவில்லை, சேர்’ என்று சொல்லிவிடுவானாயின், மறுகணமே பின் வாங்கிலிருந்து மூன்று கைகள் உயர்வதை ஆசிரியராயுள்ளார் அனைவரும் கண்டிருப்பர்.

இளமையிலே இவ்வழுத்தம் மிகுவதற்கும் காரணம் உண்டு. 2005ஆம் ஆண்டிலே மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் ஆய்வாளர் இருவர், கார் ஓட்டும் கணினி விளையாட்டொன்றைப் பல வயதினருக்கும் கொடுத்து நோக்கினர். தனித்து விளையாடியபோது இளையோர்க்கும் முதியோர்க்கும் பெரு வேற்றுமை காணப்படவில்லை. நண்பர் பக்கத்தில் இருந்தபோதோ, இளையோர் ஆபத்தை மேற்கொள்ளும் அளவு மிக உயர்ந்தது. முதிர்ந்தோரிடத்து அவ்வாறு உயரவில்லை. ஆகவே இளைஞன் தனியே மூடன் அல்லன். பார்ப்பார் இருக்கும்போதே அவன் துணிகின்றான். மோட்டார்ச் சைக்கிளிலே மூவராய் ஏறித் தலைக்கவசமின்றிப் பறக்கும் பையனைத் தனியே நிறுத்திக் கேளுங்கள். ஆபத்தைப் பற்றி நமக்கே பாடம் சொல்லுவான்.

இன்னும் அமைதியாகக் கேடு செய்யும் வகையும் உண்டு. க.பொ.த. உயர்தர வகுப்பிற் சேருங்கால், வரலாற்றிலும் இலக்கியத்திலும் நாட்டமுடைய மாணவன், நண்பரெல்லாரும் கணிதப் பிரிவிற்கும் உயிரியற் பிரிவிற்கும் போகின்றனர் என்பதனால் தானும் போகின்றான். மும்முறை பரீட்சைக்குத் தோற்றிச் சோர்கின்றான். எத்தனியார் கல்வி நிலையத்தில் எவ்வாசிரியரிடம் படிப்பது என்பதனையும் அவன் தீர்மானிப்பதில்லை. அவன் கூட்டமே தீர்மானிக்கின்றது. இதிற் பெற்றோரும் ஒப்பார் அழுத்தத்துக்கு உட்பட்டவரே என்பதை மறத்தலாகாது. அயல்வீட்டார் பிள்ளை எங்கே படிக்கின்றது என்பதே பல வீடுகளிலே கல்விக் கொள்கையாய் இருக்கின்றது.

இவை அனைத்தினும் கொடிதாய், நம் கல்லூரியின் வாயிலைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகும் மாணவரை எதிர்கொண்டு நிற்பது பகிடிவதை. இதனைப் பற்றியே இவ்விழா மலரிற் சிறிது விரித்துச் சொல்ல விழைகின்றேன்; ஏனெனில் இதனோடு நம் பழைய மாணவர் சமுதாயத்துக்கும் தொடர்பு உண்டு.

1975ஆம் ஆண்டிலே பேராதனையில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997ஆம் ஆண்டிலே அதே பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்கப் புகுந்த தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையிற் கடுமையான உடற்பயிற்சிகள் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தார். இதன்பின்னரே, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. பகிடிவதை செய்வாருக்கு இரண்டாண்டுவரை சிறை. பாரிய காயமோ பாலியற் கொடுமையோ நேரின் பத்தாண்டுவரை சிறை என அது விதித்தது. சட்டம் பிறந்து கால் நூற்றாண்டு கடந்தும் பகிடிவதை ஒழியவில்லை. காரணம் யாது? சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். நூறு பேர் கண்ட குற்றத்துக்கு ஒரு சாட்சியும் கிடைப்பதில்லை.

பகிடிவதை செய்யும் சிரேஷ்ட மாணவரெல்லாரும் கொடியவர் என்று எண்ணுதல் தவறு. அவர்களுட் பெரும்பாலார் நல்ல வீட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தவறாது கோயிலுக்குப் போகின்றவர்கள். தனியே ஒரு கனிஷ்ட மாணவனைக் காணின் சாப்பிட்டாயா என்று கேட்பவர்கள். கூட்டமாய் நிற்கும்போது அவர்களுள் ஒவ்வொருவனும், ஏனையோர் இதனை விரும்புகின்றனர் என்று கருதுகின்றான். தான் ஒதுங்கினால் கோழையென்றும் துரோகியென்றும் தூற்றப்படுவான் என அஞ்சுகின்றான். சென்ற ஆண்டு தான் பட்டதைச் சொல்லித் தன் மனச்சான்றை அடக்குகின்றான். கனிஷ்ட மாணவனும் அவ்வாறே. முறையிட்டால் தன்னோடு வந்தவர்களே தன்னை ஒதுக்குவர் என அஞ்சி வாய் மூடுகின்றான். ஆகவே எவரும் மனமார விரும்பாத ஒரு செயல், எல்லாரும் ஒப்புக்குச் செய்வதனால் ஆண்டுதோறும் அரங்கேறுகின்றது.

பகிடிவதையினால் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேற்றுமை நீங்கி ஒற்றுமை பிறக்கின்றது என்பார் உளர். இவ்வாதம் ஆராயத்தக்கது. ஒன்றாய்த் துன்புற்றார்க்குள் ஒருவகைப் பிணைப்பு உண்டாதல் உண்மையே. ஆனால் ஒன்றாய் மரம் நட்டார்க்கும், ஒன்றாய் நாடகம் நடித்தார்க்கும், ஒன்றாய் வெள்ள நிவாரணத்துக்கு உழைத்தார்க்கும் அப்பிணைப்பு உண்டாகின்றது. ஒற்றுமைக்கு அவமானம் இன்றியமையாததன்று. மேலும், மறுத்தவனைப் புறந்தள்ளி எழும் ஒற்றுமையை ஒற்றுமை என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும்.

இவ்விடத்திலே பாரதக் கதையின் ஒரு காட்சியை நினைத்தல் நலம். துரியோதனன் அவையிலே பாஞ்சாலி நீதி கேட்டு நின்றபோது, கௌரவர் நூற்றுவருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து, இச்செயல் அறமன்று எனத் துணிந்துரைத்தான். கர்ணன் அவனை விவரமறியாச் சிறுவன் என இகழ்ந்து அடக்கினான். விதுரர் ஒருவர் விகர்ணனின் சொல்லை எடுத்துக்காட்டி அவையோரை விடை கூறுமாறு வேண்டினார். எனினும் அவன் உடன்பிறந்தாருள் ஒருவனேனும் எழுந்து அவன் அருகில் நின்றானில்லை. பீஷ்மரும் துரோணரும் அவனுக்குத் துணை நின்றாரில்லர். பின்னாளில் போர் மூண்டபோது, அவ்விகர்ணனே தமையன் பக்கம் நின்று பொருது வீமன் கையால் மடிந்தான். ஒருகால் கூட்டத்தை எதிர்த்து நிமிர்ந்தவனும், துணையின்மையால் இறுதியிற் கூட்டத்தோடே அழிந்தான். அவனை அவ்வாறு விட்டமைக்கு அவன் ஒப்பாரும் பொறுப்பு. வாளாவிருந்த மூத்தோர் அதனினும் பொறுப்பு.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இளைஞருக்கு வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: கூடாதவரோடு கூடாதே. இது மெய்யாயினும் முழுமையன்று. அதே வகுப்பிலும், அதே விடுதியிலும், அதே ஊரிலும் வாழவேண்டிய பையன் அக்கூட்டத்தை விட்டு எங்கே போவான்? திருவள்ளுவர் இதனை நன்கு உணர்ந்தவர். சிற்றினஞ் சேராமை என்னும் 46ஆம் அதிகாரத்துக்கு முன்னே பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்தை அவர் அமைத்திருக்கும் முறை எண்ணத்தக்கது. துணையை முதலிலே தேடிக்கொள். பின்னர்ச் சிற்றினத்தை விலக்கு என்பதே அவ்வைப்பு முறையால் யான் கொள்ளும் பொருள். துணையில்லாதவனிடத்து விலகு என்று சொல்லுதல், நீந்தத் தெரியாதவனிடத்துத் தோணியை விட்டிறங்கு என்று சொல்லுதலை ஒக்கும்.

அத்துணை எத்துணைப் பேராயிருத்தல் வேண்டும்? ஆஷ் என்பாரின் ஆய்வு இதற்கும் விடை தருகின்றது. பிழை சொல்லும் கூட்டத்தின் நடுவே, மெய்யைச் சொல்லும் ஒருவனை மாத்திரம் அவர் இருத்திப் பார்த்தார். சோதிக்கப்பட்டவனின் பிழைகள் நான்கிலொரு பங்காய்க் குறைந்தன. கூட்டத்தை வெல்ல மற்றொரு கூட்டம் வேண்டியதில்லை, ஒருவன் போதும். முதலில் எழுந்து ‘இது தகாது’ என்பவன் அரியன். அத்துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் அவன் எழுந்தபின் அவனருகிற் சென்று நிற்றல் நம்மனோர் யாவர்க்கும் இயலும். முதல்வனாதல் வீரம்; இரண்டாமவனாதல் கடமை. இரண்டாமவன் ஒருவன் உண்டென்று நம்பக்கூடிய இடத்திலே முதல்வர்களும் பலராய்த் தோன்றுவர்.

அவ்வாய்விலே மேலும் ஒரு நுட்பம் உண்டு. மெய் சொன்ன துணைவன், நடுவிலே ஒரு காரணத்தைச் சொல்லி அறையை விட்டு வெளியேறியபோது, சோதிக்கப்பட்டவனின் பிழைகள் சிறிது கூடினவேனும் துணைவனின் பயன் முற்றாக அழியவில்லை. ஆனால் அத்துணைவன் அங்கிருந்தபடியே கூட்டத்தோடு சேர்ந்து பிழை சொல்லத் தலைப்பட்டபோதோ, எஞ்சியவன் முற்போலவே வளைந்துபோனான். துணைவன் பிரிந்து போதலை இளையோன் தாங்குவான். மாறிப் போதலைத் தாங்கான்.

பழைய மாணவராகிய நம் அனைவர்க்கும் இது நேரே சொல்லப்பட்ட பாடம் போன்றது. நாம் கல்லூரியை விட்டுப் பிரிந்தோம். கொழும்பிலும் கண்டியிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றோம். நம் பிரிவினால் நாம் விட்டுவந்த நன்மை கெடுவதில்லை. ஆயின் ஒன்றுகூடல்களிலே நாம் பேசுவது யாது? பல்கலைக்கழகத்திற் பகிடிவதை செய்த கதைகளையும், பட்ட கதைகளையும் வீரகாதைகளாய் விரித்துச் சிரிக்கின்றோம். மேசையோரத்தில் நின்று அக்கதைகளைக் கேட்கும் இளைஞன், அடுத்த மாதம் பல்கலைக்கழகம் புகுகின்றான். தான் மதிக்கும் வைத்தியரும் பொறியியலாளரும் அதிபரும் இதனைச் சிரித்தே சொல்லுகின்றனர் என்றால், இதனை மறுத்தல் மடமை என்று அவன் முடிவு செய்யமாட்டானா? நாம் அறியாமலே கட்சி மாறிய துணைவராகின்றோம்.

ஆதலின் சில சொல்லத் துணிகின்றேன். பல்கலைக்கழகம் புகும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும், அங்கு முன்னரே கற்கும் நம் பழைய மாணவர் ஒருவரைத் துணையாகக் குறித்துவிடுவதைச் சங்கம் தன் கடமையாகக் கொள்ளலாம். வெறும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் போதா. முதல் மாதத்திலே நேரிற் கண்டு தேநீர் அருந்தி வருதல் வேண்டும். பகிடிவதைக்கு உடன்படாத மாணவனைச் சங்கம் வெளிப்படையாகப் பாராட்டுதல் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் தருவதைவிட இதற்குச் செலவு குறைவு, பயனோ பெரிது. கல்லூரியிலுள்ளாரும், மாணவ முதல்வரைத் தெரியுங்கால் உரத்த குரலையும் உயர்ந்த தோற்றத்தையும் மாத்திரம் நோக்காது, தனித்து நிற்பவனருகில் சென்று நிற்கும் இயல்புடையவனைத் தேடுதல் நன்று. ஆசிரியராகிய எம்போல்வார், வகுப்பிலே ‘எனக்கு விளங்கவில்லை’ என்று எழும் மாணவனை ஏளனஞ் செய்யாது ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். சிறு வினாவிலே தனித்து நின்று பழகாதவன் பெருஞ் சோதனையிலே தனித்து நிற்பது அரிது.

இவ்வாறு பழக்கின் பிள்ளைகள் அடங்காதவர் ஆகிவிடுவர் எனச் சிலர் அஞ்சலாம். அடங்காமை வேறு, அறத்தின் பொருட்டு மறுத்தல் வேறு. அடங்காதவன் தன் வசதிக்காக மறுக்கின்றான். மறுப்புக்கு விலை கேட்கப்பட்டால் ஓடிவிடுகின்றான். அறத்துக்காக மறுப்பவன் பிறனொருவன் துன்பங் கண்டு மறுக்கின்றான். விலையைத் தானே கொடுக்கின்றான். இவ்வேற்றுமையைப் பகுத்தறியக் கற்பித்தலே கல்வியின் தலையாய பணி.

ஒப்பார் அழுத்தம் மனித இயல்போடு பிறந்தது. அதனை ஒழித்தல் எவராலும் ஆகாது. ஆயின் அதன் போக்கை மாற்றுதல் ஆகும். கூட்டம் ஒருவனை வளைக்கும். இருவராயின் வளைத்தல் அரிது. இக்கல்லூரித் தாய் பல்லாண்டாய்ப் பல்லாயிரம் மைந்தரை ஒரே கூரையின் கீழ் ஒப்பாராக்கி வளர்த்தாள். அம்மைந்தருள் ஒருவன் எவ்விடத்தேனும் அறத்தின் பக்கம் தனித்து நின்றான் என்று கேள்விப்படின், அவனருகில் மற்றொருவன் போய் நின்றான் என்ற சொல்லும் உடன் வருதல் வேண்டும். அச்சொல்லே இவ்விழாவுக்கு நாம் அளிக்கத்தக்க காணிக்கை. வாழ்க நம் கல்லூரி!